உப்புத் தண்ணீர்த் தொட்டியும் சின்னப்பன் காலும்

ஒருவர் குளித்துவிட்டுப் போன தண்ணீரைப் பார்த்தே அவருக்கு எங்கே வலி என்று சொல்லிவிடுகிற தொழில் ஒன்று உண்டு. அதைத்தான் நான் பார்த்து வருகிறேன். ஆம்பூரில் எங்கள் டாக்டர், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையின் பங்களா ஏலத்தில் பீங்கான் மாதிரி மங்கு பூசிய வெள்ளைத் தொட்டி ஒன்றை எடுத்து, வைத்தியசாலையின் பின்கட்டில் போட்டிருக்கிறார். இடுப்புப் பிடிப்பு, முட்டி வலி, சுண்ணாம்பு அரித்த கால் எல்லாவற்றுக்கும் அதில் உப்புப் போட்ட வெந்நீர்தான் முதல் மருந்து. விளக்கு வைத்ததிலிருந்து விடிகிறவரை தண்ணீர் காய்ச்சுவதும் தொட்டி தேய்ப்பதும் என் பாடு. ராத்திரி உத்தியோகம் பார்க்கிற வாசகர்களே, ஊர் தூங்கும்போது விழித்திருப்பவன் தலைக்குள் என்னென்ன ஓடும் என்று உங்களுக்கே தெரியும். அதைச் சொல்லி உங்களை வதைக்கப் போவதில்லை. தொட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

விரல் விட்டுப் பார்த்தவர்

ஸ்டேஷன் பார்சல் குமாஸ்தாவுக்கு இடுப்பு வலி. துண்டைக் கட்டிக்கொண்டு தொட்டியருகே வந்தவர், தமக்கு முன்னால் எழுந்து போனவர் யார், என்ன ஜாதி என்று கேட்டார். தொட்டிக்கு அதெல்லாம் தெரியாது என்றேன். பழைய தண்ணீரைத் திறந்துவிட்டு, சலித்த சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்து, விளிம்பில் படிகிற உப்புக் கோட்டை எலுமிச்சைத் தோலால் எடுத்து, கொதிக்கிற தண்ணீர் விட்டுக் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்த பிறகுதான் அடுத்தவரை இறக்குவேன் என்று விளக்கினேன். ஈரத்தோடு விட்டால் அடியில் வழவழப்புப் பிடித்துவிடும் என்பதையும் சொன்னேன்.

அவர் உள்ளே விரலால் தடவிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டே சொன்னார்: "எலை போடாம இதுலயே சாப்பிடலாம்யா, அவ்ளோ சுத்தம். குளிக்கத்தான் மனசு வரல."

பேதி உப்பு

வலிக்கு ஜாதி கிடையாது. அடுத்த வாரமே அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. இந்தத் தடவை டாக்டர் அவருக்குச் சாதா உப்பு எழுதவில்லை. வைத்தியசாலை அலமாரியிலிருந்து பேதி உப்பை எடுத்துக் கரைத்து உட்காரவைக்கச் சொல்லியிருந்தார். தொட்டிக்குள் ஒரு காலை வைத்த குமாஸ்தா, பொட்டலத்தின் மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டார். காலை வண்டியில் அரக்கோணம் போக வேண்டியவர். இதில் உட்கார்ந்தால் வயிற்றால் போகுமா என்று கேட்டார். வாய் வழியாகப் போனால்தான் அந்தப் பேஜாரெல்லாம் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி உட்காரவைத்தேன். தண்ணீர் ஆறுகிறவரை வாயை இறுக மூடிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடியே இருந்தார்.

அரக்கோணம் போய்த் திரும்பியதும் நேரே என்னிடம்தான் வந்தார். "இடுப்பு வலி போய்டுச்சி. வேற ஒண்ணும் போவல. டாக்டர்கிட்ட சொல்லிடு."

கடைசி ஆள்

புண் உள்ளவர்கள் கடைசியில்தான் இறங்க வேண்டும். அவர்களுக்குப் பிறகு தொட்டியைத் தேய்த்து மறுநாள் வெயில் காட்டாமல் யாரையும் விடக்கூடாது. இது டாக்டர் சட்டம். அப்படிக் கடைசி ஆளாக வந்தவன் சின்னப்பன். தோல் பதனிடுகிற ஷெட்டில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்று தோல் புரட்டுகிறவன். விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு தின்று துளை விழுந்திருந்தது. பக்ரீத் வந்தால் ஷெட்டில் தோல் மலை மாதிரிக் குவியும். அதற்குள் நீ குழியில் நிற்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் நிற்பான் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அந்தக் கூலியை விட்டால் அவன் வீட்டில் வேறு வழி கிடையாது.

புண்ணுக்கு உப்பு மட்டாகவும் தண்ணீர் வெதுவெதுப்பாகவும் இருக்க வேண்டும். அப்படியே கலந்து வைத்தேன். அவன் வாசலிலேயே காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். ஆனால் உள்ளே இறங்கவில்லை. உப்பு எரியும் என்று பயமோ என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினான். "எங்க வூட்டு சோத்துத் தட்டு கூட இவ்ளோ வெள்ளையில்ல அண்ணே. இதுலயா இந்தக் கால வெக்கறது?"

ரோசம்மாள் கொண்டு வந்த கூடை

அவரவர் உப்பை அவரவரே கொண்டு வர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சின்னப்பனுக்காக அவன் மனைவி ரோசம்மாள் கடை உப்பைத் துணியில் முடிந்து கொண்டுவருவாள். ஒருநாள் ராத்திரி கூடை நிறையக் கொண்டு வந்தாள். நான் வெந்நீர் எடுக்கப் போன நேரத்தில் தானே தொட்டியில் கொட்டிக் கலக்கியும் விட்டாள். நான் திரும்பி வரும்போது அவன் ஒரு காலை வைத்திருந்தான். தண்ணீரில் பழுப்பாக ஏதோ மிதந்தது. எடுத்துப் பார்த்தேன், மாட்டு முடி. அதற்குப் பிறகுதான் நாற்றம் தெரிந்தது.

பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போட்டு, ஷெட்டில் உதறித் தள்ளுகிற உப்பு அது; அங்கிருந்துதான் அள்ளி வந்திருக்கிறாள். எங்கள் ஊரில் அதைத் தென்னைமரத்துக்குப் போடுவார்கள். அவனை அக்குளில் கை கொடுத்து வெளியே தூக்கி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரால் காலைக் கழுவிவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். செத்த மாட்டின் வியாதியெல்லாம் அந்த உப்பில் இருக்கும், புண்ணுக்குள் ஏறினால் காலோடு போகுமா உயிரோடு போகுமா என்று சொல்ல முடியாது என்றார். யாரையும் திட்டவில்லை. விடிகிறவரை நான் தொட்டியைத் தேய்த்தேன். அதற்குப் பிறகு காய்ச்சல் வருகிறதா, கால் வீங்குகிறதா என்று தினமும் பார்த்தோம். நல்லவேளை, ஒன்றும் வரவில்லை.

ஆனால் அன்றைக்கு டாக்டர் உள்ளே போன பிறகு, காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோசம்மாள் என்னைக் கேட்டாள். உப்பு ஜாஸ்தியாகப் போட்டால் சீக்கிரம் ஆறும் என்று நினைத்தவள். "நாள் பூரா அந்த உப்புலதான அண்ணே நாங்க பொழங்கறோம். அப்ப ஒருத்தரும் வாணாம்னு சொல்லலியே?"

முதலாளியின் முட்டி

அந்தத் தோல் ஷெட் முதலாளியும் எங்கள் வாடிக்கைதான். பெரிய சாயபு என்பார்கள். முட்டி வலிக்காக, பொழுது சாய்ந்ததும் மக்ரிப் தொழுகை முடித்துவிட்டு வருவார்; தொட்டியிலிருந்து எழுந்ததும் நல்ல தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டுதான் போவார். ஒருநாள் நேரம் கழித்து வந்தார். உள்ளே சின்னப்பன் ஊறிக்கொண்டிருந்தான். முதலாளியின் குரல் கேட்டதும் தண்ணீர் சிந்தச் சிந்த எழுந்துவிட்டான். இனி இன்றைக்குத் தொட்டி இல்லை, உள்ளே இருப்பது உங்கள் குழி ஆள்தான் என்று சாயபுவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வாசலில் நின்றபடியே அவன் கால் எப்படியிருக்கிறது, விரல் மடக்க வருகிறதா என்று அக்கறையாக விசாரித்தார். கிளம்பும்போது என் தோளில் கைவைத்துச் சொன்னார்: "அவனை உக்காரச் சொல்லுப்பா, நல்லா ஊறட்டும். என் முட்டி காத்திருக்கும். பக்ரீத் தோலு காத்திருக்காது."

காட்ட வந்த கால்

பக்ரீத்துக்கு முன்பே கால் ஆறிவிட்டது. அன்றைக்குச் சின்னப்பன் குளிக்க வரவில்லை; காட்டத்தான் வந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பாதமாகத் தூக்கிக் காட்டினான். விரல் இடுக்கில் புதுத்தோல் ரோஜா நிறத்தில் மூடியிருந்தது. ரோசம்மாள் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் சந்தோஷம்தான். எப்போது வேலைக்கு என்று கேட்டேன். விடிந்தால் குழியில் இறங்க வேண்டும் என்றான். காலுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு இறங்கு என்று சொல்லிப் பார்த்தேன். சுண்ணாம்பு அதையும் சேர்த்துத் தின்னும் என்று சிரித்தான்.

போகும்போது தொட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்தான். "சுத்தமா வெச்சிருங்க அண்ணே. மழை புடிக்கறதுக்குள்ள மறுபடியும் வந்துடுவேன்."

நாங்கள் ஆற்றி அனுப்புகிறவர்கள் எல்லாரும் இப்படித் திரும்பி வந்துகொண்டே இருப்பதால், ஆம்பூரில் எந்த வியாபாரம் படுத்தாலும் எங்கள் தொட்டிக்கு மட்டும் ஒருநாளும் ஓய்வு வராது.