மெதுவாகப் போனால் உதைக்கும் வண்டி

ஒரு மனிதருடைய இடது காலின் மேல் பழி போட்டவன் நான். முதலில் தெரியாமல் போட்டேன். தெரிந்த பிறகும் அந்தப் பழியை எடுக்கவில்லை. என் பிள்ளைகளுக்குக்கூட இதை நான் சொன்னதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். மோட்டார் பொறியியலில் டிப்ளமோ முடித்து, சென்னையில் ஒரு பட்டறையில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, காஞ்சிபுரத்தில் எங்கள் பிள்ளையார்பாளையத்துக்கே திரும்பி வந்திருந்தேன். வீட்டில் அப்பா தறியில் இருந்தார். எனக்கென்று ஒரு கொட்டகைகூடக் கிடையாது. வாலாஜாபாத் சாலையில் ஒரு புளியமரத்தடியில்தான் லாரியும் டிராக்டரும் பழுது பார்த்தேன். ஆனாலும் காஞ்சிபுரத்தில் மோட்டாரைப் புத்தகம் வைத்துப் படித்தவன் நான் ஒருவன்தான் என்ற எண்ணம் எனக்கு நிறைய இருந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் இருந்த ஒரு பட்டுக்கடை முதலாளி, சென்னையை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பெரிய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். பத்து வருடம் ஓடிய வண்டி. படகு மாதிரி நீளம். எங்கள் தெருவுக்குள் வந்தால் எதிரே சைக்கிள் வர முடியாது. அதில் கிளட்ச் இல்லை. பிரேக், ஆக்ஸிலேட்டர் இரண்டு மட்டும்தான். வேகம் கூடக்கூடக் கியர் தானாகவே மாறிக்கொள்ளும். ஊரில் அப்படி வேறு வண்டி கிடையாது.

அந்த வண்டி கியர் மாறும்போது உதைக்க ஆரம்பித்தது. பின்னாலிருந்து மாடு முட்டியதுபோல ஒரு குலுக்கல். வேறு சமயமாக இருந்திருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். முதலாளியின் மனைவிக்கு அப்போதுதான் வயிற்றில் அறுவைசிகிச்சை நடந்திருந்தது. வாரம் ஒரு முறை அவரைச் செங்கல்பட்டுக்கு டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். ஒவ்வொரு உதைக்கும் அவர் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாராம். முதலாளி எனக்கு ஆள் அனுப்பினார்.

வண்டியை ஓட்டியவர் தென்னேரிப் பக்கத்துக்காரர். கிறிஸ்தவர். அவருடைய அப்பா கடைசிவரை அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக லைசென்ஸ் எடுத்தவர் இவர்தான். முன்பு ஒரு டாக்டரிடம் எட்டு வருடம் கார் ஓட்டியிருந்தார். வெள்ளைச் சட்டையைத் தினமும் தானே துவைத்து இஸ்திரி போட்டுப் போடுவார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். இப்போது எழுதும்போது 'அவர்' என்கிறேன். அன்றைக்கு 'நீ' என்றுதான் பேசினேன். அவர் என்னை 'சார்' என்றார்.

"சார், அழுத்தி மிதிச்சா ஒண்ணும் தெரியல சார். பூ மாதிரி மாறுது. அம்மா குந்திக்கினு இருக்காங்களேன்னு மெதுவா போறேன் பாருங்க, அப்பதான் ஒதைக்குது."

"வேகமா போனா உதைக்கும்னா அர்த்தம் இருக்கு. மெதுவா போனா எப்படிப்பா உதைக்கும்?"

"அதான் சார் எனக்கும் புரியல. நிக்கறப்ப இஞ்சினு வேற நடுங்குது. அடியில எங்கியோ உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது. காத்து போற மாதிரி."

"காத்து டயர்லதான் இருக்கும்" என்றேன்.

பக்கத்தில் நின்ற முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "இன்னாடா, வண்டிக்கு இழுப்பு வந்துடுச்சின்றியா? டாக்டரு வீட்டு வாசனை இன்னும் போவல உனக்கு!"

டிரைவரும் சேர்ந்து சிரித்தார். சிரிக்காமல் இருக்க முடியாத இடத்தில் அவர் இருந்தார்.

என் மனம் அதற்குள் காலுக்குப் போய்விட்டிருந்தது. நான் தறிக்காரன் மகன். நெசவில் கோடு விழுந்தால் எங்கள் வீட்டில் தறியை யாரும் முதலில் பார்ப்பதில்லை. கீழே மிதிப்பலகையில் கால் தப்பியிருக்கும் என்பார்கள். முதலாளியும் அப்படித்தான். புடவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இங்க கால் தப்பியிருக்குது பாரு" என்று சொல்லி நெசவாளியின் முகத்தைப் பார்ப்பார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கண்ணால் பார்க்கப் பழகியவர்கள்.

"இடது காலை எங்க வச்சிருப்ப?" என்று கேட்டேன்.

"கீழ சார்."

"பிரேக் மேல வைக்கிறதில்ல?"

அவர் ஒரு கணம் முதலாளியைப் பார்த்தார். "வந்த புதுசுல, கிளட்ச் நெனப்புல ஒண்ணு ரெண்டு தபா வச்சிருக்கேன் சார். இப்ப இல்ல."

அந்த ஒரு கணத் தயக்கம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

முதலாளியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாலாஜாபாத் சாலையில் நானே ஓட்டிப் பார்த்தேன். அப்படியொரு வண்டி என் கைக்கு வந்தது அதுதான் முதல் முறை. அழுத்தி மிதித்தேன். சாலையோரத்து மரங்கள் பின்னால் ஓடின. கியர் மாறியதே தெரியவில்லை. போகும்போதும் இல்லை, வரும்போதும் இல்லை.

"என் கையில உதைக்கல, பாத்தீங்களா?" என்றேன் இறங்கியதும். "மெதுவா போறப்ப இவன் இடது கால் பிரேக்கை லேசா அழுத்திக்கினே இருக்குது. வண்டி போகவும் பாக்குது, நிக்கவும் பாக்குது. அதான் உதை."

முதலாளிக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. "மிதி தப்புதுன்னு சொல்லு" என்றார்.

டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முதலாளியின் மனைவி உள்ளிருந்து கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தார். அவர் கோபக்காரர் இல்லை. ஆனால் அன்று அவர் கேட்டது இதுதான்: "இவ்ளோ நாளா உன் காலாலதானாப்பா?"

அதன் பிறகு அந்த மனிதர் தோளில் கிடந்த துணியை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைத்தார். வண்டியிலிருந்து சாவியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கி முதலாளியிடம் கொடுத்தவன் நான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வண்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை முதலாளி முன்கூட்டியே கொடுத்தனுப்பியிருந்தார்; மூன்று நாள் அது என்னிடம்தான் இருந்தது. கியர் முரட்டுத்தனமாக மாறினால் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று அதில் ஒரு பக்கம் இருந்தது. அதில் முதலில் சொல்லியிருந்தது ஒரு ரப்பர் குழாயை. படித்தேன். வண்டிக்கு அடியில் படுத்து அதைத் தேட எனக்குச் சோம்பல். எனக்குக் காலே போதும் என்று பட்டது.

என் திறமைக்குப் பரிசாக, பட்டுக்குச் சாயம் போடும் தன் இடத்தின் பின்புறம் காலியாகக் கிடந்த கொட்டகையைப் பட்டறை வைத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. பெயர்ப்பலகை மாட்டினேன். அப்பா தறியை விட்டு எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

புது டிரைவர் எப்போதும் விரட்டி ஓட்டுகிறவன். முதலாளியின் மனைவியும் தேறி, செங்கல்பட்டுப் பயணம் நின்றுவிட்டது. நான்கு மாதம் வண்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. வைகாசியில் வரதராஜப் பெருமாளுக்குக் கருட சேவை. அந்தக் கூட்டத்துக்குள் புது டிரைவர் வண்டியை மனிதர் நடக்கும் வேகத்தில் உருட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது. வழியெல்லாம் உதை. மறுநாள் காலை வண்டி என் பட்டறையில் நின்றது.

இஞ்சினை ஓடவிட்டு அடியில் படுத்தேன். படுத்த உடனே கேட்டது. உஸ்.

இஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய் போகிறது. இஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பு அதன் வழியாகப் போய், இப்போது வண்டி மெதுவாகப் போகிறதா, அழுத்தி மிதிபடுகிறதா என்று கியர் பெட்டிக்குத் தெரிவிக்கும். மெதுவாகப் போனால் இழுப்பு அதிகம். கியர் மென்மையாக மாறும். குழாய் வெடித்துவிட்டால் இழுப்பு போய்ச் சேராது. யாரோ அழுத்தி மிதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கியர் பெட்டி முரட்டுத்தனமாக மாற்றும். உண்மையாகவே அழுத்தி மிதித்தால் அந்த முரட்டுத்தனம் வேகத்தோடு சேர்ந்துபோய்விடும், தெரியாது. அதனால்தான் என் கையில் அது உதைக்கவில்லை.

குழாய் அடிப்பக்கம் ஒரு அங்குலம் வெடித்திருந்தது. அந்த மனிதர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. மெதுவாகப் போனால் உதைப்பது, நிற்கும்போது நடுங்குவது, காற்றுப் போவது எல்லாம் சரி. நோயாளி அம்மாவுக்கு வலிக்கக் கூடாதென்று அவர் எவ்வளவு மெதுவாகப் போனாரோ அவ்வளவுக்கு அது உதைத்திருக்கிறது.

வேறு குழாய் போட்டேன். பத்து நிமிட வேலை. தெருவில் நடைவேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். பூ மாதிரி மாறியது.

மாலையில் முதலாளி வந்தார். "இன்னாப்பா ஆச்சு?"

"சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தான்."

"பழையவன் கெடுத்து வச்சதா இருக்கும்."

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். 'இல்லை, அவன் மேல தப்பில்லை' என்ற ஒன்று. நான் சொன்னது, "இருக்கலாம்."

கொட்டகை போய்விடும் என்று பயந்தேன். அது முழு உண்மை இல்லை. முதலாளி என்னைத் துரத்தியிருக்க மாட்டார். கொஞ்சம் கேலி செய்திருப்பார். அந்தக் கேலியைத் தாங்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வருடம் கழித்து அந்த மனிதர் பட்டறைக்கு வந்தார். அதே வெள்ளைச் சட்டை, காலர் நைந்திருந்தது. வாசலிலேயே நின்றார். உள்ளே வா என்று நானும் சொல்லவில்லை.

"கடைத்தெருவுல யாரும் வண்டி குடுக்க மாட்றாங்க சார். பட்டுக்கடைக்காரரு வூட்டம்மாவ குலுக்கி எடுத்தவன்றாங்க. வக்கீல் ஒருத்தரு ஆள் தேடறாராம். நீங்க ஒரு வார்த்த சொன்னா..."

"பாக்கறேன்" என்றேன்.

அவர் போகவில்லை. "ஒண்ணு கேக்கட்டுமா சார்? உண்மையிலயே என் காலா? எனக்கே சந்தேகம் வந்து, கடைசில ஒரு மாசம் இடது கால சீட்டுக்கு அடியில மடக்கி வச்சிக்கினுதான் ஓட்டினேன். அப்பவும் ஒதைச்சுது. அன்னிக்கு அதத்தான் சொல்ல வந்தேன்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் பதில் இருந்தது. அது ஒரு வருடமாக என்னிடம் இருந்தது.

"பழக்கம்ப்பா" என்றேன். "நமக்குத் தெரியாமலே கால் போயிடும்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். "நீங்க படிச்சவங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அதில் குத்தல் இல்லை. அவர் அதை நம்பிவிட்டார். வக்கீலிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. எழுபதுகளின் கடைசியில், தென்னேரியிலிருந்து டிராக்டர் கொண்டு வந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: அந்த டிரைவர் மஞ்சள் காமாலையில் போய் இரண்டு மாதம் ஆகிறது என்று. மறுநாள் பஸ் ஏறிப் போனேன்.

ஏரிக்கரைக்குப் பக்கத்தில் கூரை வீடு. அவர் மனைவி நெல் புடைத்துக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தார்.

"கடைசி வரைக்கும் அரிசி மில்லுல காவலுக்குத்தான் இருந்தாரு சார். வண்டி கெடைக்காம இல்ல. வாலாஜாபாத்துல ஒருத்தரு கூப்ட்டு சாவியக் குடுத்தாரு. இவருதான் வேணாம்னுட்டாரு. என் காலு என்கிட்ட சொல்லாம போவுதுடி, யாருமேலனா ஏத்திடுவேன்னு அழுவாரு."

நான் சொன்னேன். குழாய், வெடிப்பு, காற்று எல்லாவற்றையும். அவர் கால் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று சொன்னேன். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

"இது எப்ப தெரியும் உங்களுக்கு?"

"வண்டியை விட்டு நின்ன நாலாவது மாசம்."

"அப்ப, அவரு உங்களப் பாக்க வந்தப்ப தெரியும்."

"தெரியும்."

அவர் முறத்தை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்காகவே போயிருந்தேன் என்றுகூட இப்போது தோன்றுகிறது.

"என்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவுது?" என்றார். "நான் அவரு கால சந்தேகப்பட்டதே இல்ல. சந்தேகப்பட்டவங்ககிட்ட போய் சொல்லுங்க."

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் பட்டுக்கடைக்குப் போனேன். முதலாளியின் மனைவி அதற்கு முந்தின வருடமே இறந்துபோயிருந்தார். பட்ட வலியெல்லாம் ஒரு மனிதரின் காலால்தான் என்று நம்பியவரிடம் சொல்ல வழியில்லை. முதலாளி மட்டும் மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வண்டியை விற்று நாளாகியிருந்தது.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"எந்த டிரைவரு?"

"தென்னேரிக்காரர். வெள்ளைச் சட்டை போடுவாரே. கிறிஸ்தவர். உங்க வீட்டம்மாவைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிக்கினு போனவர்."

"அந்தப் படகு வண்டிக்கு எத்தினி பேரு வந்தாங்க, போனாங்க. எவன்னு கண்டேன்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு டியூபுக்கு இப்பிடி மொகத்தத் தூக்கி வச்சிக்கினு வந்திருக்கியே. விடுப்பா. காபி சாப்புடு" என்றார்.

மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ஒரு குடும்பம் உள்ளே வந்தது. அவர் அவர்களைப் பார்த்துக் கைகூப்பினார். நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

கடைத்தெருவில் அப்புறமும் இரண்டு பேரிடம் சொன்னேன். அவர்களுக்கும் ஞாபகம் இல்லை. அவருக்கு வண்டி கொடுக்காமல் இருக்கும் அளவுக்கு நினைவு வைத்திருந்த ஊர், அவர் தப்பு செய்யவில்லை என்று கேட்கும்போது அவர் யாரென்றே மறந்துபோயிருந்தது.

சொல்லிவிட்டேன் என்று டிரைவரின் மனைவியிடம் போய்த் தெரிவிக்க வேண்டும் என்று நினைத்தேன். யாரிடம் சொன்னீர்கள், என்ன சொன்னார்கள் என்று கேட்டால், அவரை யாருக்கும் ஞாபகமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். தென்னேரி பஸ் என் பட்டறை வழியாகத்தான் போகும். நான் ஏறவில்லை.