ஜீப்பை நிறுத்திய கடிதம்

நாளிதழ்களுக்கு வாசகர் கடிதம் எழுதுவது எனக்கு இருபது வருடப் பழக்கம். பழக்கம் என்று நான்தான் மரியாதையாகச் சொல்கிறேன். வீட்டில் அதற்குப் பெயர் வியாதி. அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அனுமந்தன்பட்டிக்குக் காலையில் பேப்பர் வந்ததும் முதல் பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன். நேராகக் கடிதப் பகுதிக்குப் போய்விடுவேன்.

நாடு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அந்தப் பகுதியைப் படித்தால் போதும். பெட்ரோல் விலை, நாடாளுமன்றக் கூச்சல், பிள்ளைகள் கையில் செல்போன், கிரிக்கெட்டில் ஏன் தோற்றோம். எழுதுகிற எல்லோரும் கோபமாக இருக்கிறார்கள், எல்லோரும் யோக்கியமாகவும் இருக்கிறார்கள். தப்பு எப்போதும் வேறு யாரோ செய்ததுதான். 'நான் ஒரு தவறு செய்துவிட்டேன்' என்று தொடங்கும் ஒரு கடிதத்தைக்கூட நான் இதுவரை படித்ததில்லை. எழுதியதும் இல்லை.

ஒரே ஆளின் கடிதத்தை மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் போடமாட்டார்கள். என் கோபம் மாதத்துக்கு ஒன்றோடு அடங்காது. அதனால் விலைவாசியை மனைவி பெயரிலும் கிரிக்கெட்டைக் கோம்பையில் இருக்கும் மைத்துனர் பெயரிலும் எழுதுவேன். அஞ்சலட்டைதான். மனைவிக்குப் பச்சை மை, மைத்துனருக்குச் சாய்ந்த எழுத்து. யாரும் மறுத்ததில்லை. பேப்பரில் பெயர் வருவது யாருக்குக் கசக்கும்?

பக்கத்து வீட்டில் ஒரு பெண் இரண்டு மகள்களோடு வாடகைக்கு இருந்தாள். கணவன் இல்லை. கம்பம்மெட்டு வழியாக மலையேறி ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கப் போவாள். விடியும் முன்பே ஜீப் வந்துவிடும். ஒரு ஜீப்பில் இருபது பேர்.

"மடியில ஒருத்தி, காலு மேல ஒருத்தின்னு உக்காந்து போறோம்ணே. வளைவுல வண்டி சாயும்போது சாமியக் கும்புட்டுக்கிருவோம்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எனக்குக் கை பரபரத்தது. அன்றே எழுதினேன். ஜீப்பில் இத்தனை பேரை அடைப்பது ஆபத்து என்று முதல் பாதி. தோட்டங்களுக்குக் காலையில் ஒரு பேருந்து விட வேண்டும் என்று மறுபாதி. அந்த மாதம் என் பெயர் ஏற்கெனவே வந்துவிட்டது. தவிர, பெண் தொழிலாளி எழுதியது என்றால் உடனே போடுவார்கள்.

"ஆத்தா, பேப்பருக்கு ஒண்ணு எழுதிருக்கேன். உன் பேரைப் போட்டுக்கிறவா?"

"என் பேரா? போடுங்கண்ணே. புள்ளைக பாத்தா சந்தோசப்படுங்க."

என்ன எழுதியிருக்கிறேன் என்று அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். காட்ட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

நாலாம் நாள் அவள் பெயரோடும் ஊரோடும் கடிதம் வந்தது. 'ஜீப்களைத் தடுப்பார்களா?' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. பேருந்து கேட்ட பாதியை இடமில்லை என்று வெட்டிவிட்டார்கள். அதைப் பார்த்து எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். தலைப்பு போட்டிருந்தார்களே, அந்தச் சந்தோஷம்தான் வந்தது.

அடுத்த வாரம் அதிகாரிகள் மலைப்பாதையில் நின்று ஜீப்களை மறித்து அபராதம் போட்டார்கள். 'வாசகர் கடிதம் எதிரொலி' என்று பேப்பரும் தன் முதுகில் தானே தட்டிக்கொண்டது. மூன்றே நாள். பிறகு ஜீப்கள் பழையபடி ஓடின, பழைய கூட்டத்தோடு. அந்த இருபது பேரில் அவள் ஒருத்தி மட்டும் குறைந்தாள்.

"பேப்பர்ல எழுதுனவுகள பேப்பர்க்காரவுகளே வந்து ஏத்திக்கிட்டுப் போகட்டும்" என்று டிரைவர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். ஆள் சேர்க்கும் கங்காணியும் வேண்டாம் என்றுவிட்டார். கூட வேலை பார்த்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மறுநாள் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை.

"அண்ணே, அதை நான் எழுதலைன்னு பேப்பர்ல ஒரு வரி வந்தாப் போதும்ணே. அதைக் காட்டுனா சேத்துக்கிருவோம்னு கங்காணி சொல்லிட்டாக. எழுதிப் போடுங்கண்ணே."

அன்று சாயங்காலமே எழுதினேன். கடிதத்தை எழுதியது நான்தான், அவருக்கு இதில் சம்பந்தமில்லை என்று என் பெயரிலேயே எழுதினேன். தபால் பெட்டி வரைக்கும் கொண்டுபோனேன். இது அச்சில் வந்தால் இருபது வருடத் தில்லுமுல்லு வெளியே வந்துவிடும். இனி என் கடிதம் எதையும் போடமாட்டார்கள், ஊரே சிரிக்கும். அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். அவளிடம் அனுப்பிவிட்டதாகச் சொன்னேன்.

கங்காணி வீடு நடந்துபோகும் தூரம்தான். நேரில் போய் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஆளிடம் திட்டு வாங்க எனக்குப் பயம். டெல்லியில் இருக்கிற மந்திரிகளுக்கெல்லாம் புத்தி சொல்லி எழுதுகிறவன் நான்!

தினமும் காலையில் கேட்பாள். "இன்னைக்காச்சும் போட்டுருக்காகளாண்ணே?"

"இல்லையே ஆத்தா. இடம் இருந்திருக்காது."

சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் வேலை கிடைத்தது. அதை வைத்து மூன்று வயிறு எப்படி நிறையும்? இரண்டு மாதம் பார்த்தாள். பிறகு பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பெரியவளை நிறுத்தி ஜீப்பில் ஏற்றிவிட்டாள். கடிதத்தில் மகள் பெயர் இல்லையே, அவளை ஏற்றிக்கொண்டார்கள். சன்னல் வழியாகப் பார்த்தேன். கடைசியாக ஏறிய பிள்ளைக்கு உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்படியில் நின்றபடி போனாள். ஜீப் மறைந்ததும் சன்னலைச் சாத்தினேன்.

அந்த வாரம் பேப்பரில் என் பெயரில் ஒரு கடிதம் வந்தது. கிராமத்துப் பெற்றோர் பெண் பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்துவதைக் கண்டித்து, முந்தின மாதமே எழுதி அனுப்பியிருந்தது. ஒரு சொல்லைக்கூட வெட்டாமல் போட்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டுச் சின்ன மகள் அதைத் தாய்க்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு தாய் வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"உங்களதப் போட்டுருக்காகளேண்ணே. அப்ப நாம அனுப்புனது மட்டும் அங்கன போய்ச் சேரலையா?"

அந்த அட்டை என் மேசைக்குள்தான் கிடந்தது.

"கேட்டு எழுதுறேன் ஆத்தா" என்றேன்.