இழுத்துப் பிடித்த மூச்சு

டாக்டர் சீட்டு கிடைக்காமல்தான் எக்ஸ்ரே படிப்பில் சேர்ந்தேன். அந்த எரிச்சல் இரண்டு வருடமாகியும் தீரவில்லை. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போன முதல் வாரம், நெஞ்சைப் படமெடுக்க ஒரு பெரியவர் வந்தார். "மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க" என்று ஏனோதானோவென்று சொல்லிவிட்டு, தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினேன். கம்ப்யூட்டரில் படம் தெளிவாக விழுந்தது. அவர் பெயரையும் வயதையும் தட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தால், மனிதர் இன்னும் எக்ஸ்ரே பலகையைக் கட்டிப்பிடித்தபடி அசையாமல் நிற்கிறார்.

"ஐயா, மூச்ச விடுங்க" என்று ஓடினேன்.

மெதுவாக விட்டார். "நீ விடச் சொல்லலியேம்மா" என்றார். "முப்பது வருஷமா கடல்ல முங்கி சங்கு குளிச்சவன் நான். இதெல்லாம் ஒரு நேரமா?"

அவர் சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை இவ்வளவு நம்பி அதுவரை யாரும் நின்றதில்லை.

இப்போது அதே படிப்பைக் கல்லூரியில் நடத்துகிறேன். படமும் எடுக்கிறேன். நோயாளியிடம் மூச்சைப் பிடிக்கச் சொல்லும்போது என் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். எனக்கு முட்டுவதற்குள் "விடுங்க" என்று சொல்லிவிடுவேன்.