ஊதா நிறம் பூசிய ஏரி

“எங்க ஏரி எங்கேம்மா போச்சு?”

என் மேஜைக்கு எதிரே நின்று இப்படிக் கேட்டவர் பெயர் கோதண்டம். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நெல் பயிரிடுகிறவர். எழுபதுகளின் தொடக்கம் அது. சென்னையோடு சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துப் பெருநகரத் திட்டம் தயாரிக்கும் அலுவலகத்தில் நான் ட்ரேசராக இருந்தேன். தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டித்துக் கொடுப்பார்கள்.

ட்ரேசர் என்றால் யார் என்று இன்று கம்ப்யூட்டரில் படம் வரைகிற பிள்ளைகளுக்குத் தெரியாது. பழைய கிராம வரைபடத்தின் மேல் ஊடுருவித் தெரியும் ட்ரேசிங் கிளாத்தை விரித்து, மையால் கோடு கோடாக நகல் எடுக்க வேண்டும். அதிலிருந்து அம்மோனியா பிரிண்ட் போடுவார்கள். அந்த நெடி வீட்டுக்குப் போன பிறகும் புடவையை விட்டுப் போகாது. பிரிண்ட் வந்ததும் நிறம் பூசுவோம். குடியிருப்புக்கு மஞ்சள், வயலுக்குப் பச்சை, நீர்நிலைக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா.

எங்கே எந்த நிறம் என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை. சர்வே பார்ட்டி ஊர் ஊராகப் போய், எந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வரும். அந்தத் தாளுக்கு ஃபீல்டு ஷீட் என்று பெயர். அதைப் பார்த்து, அங்கே இனி என்ன வரலாம் என்று அதிகாரிகள் குறித்துக் கொடுப்பார்கள்.

நான் செவ்வாப்பேட்டைக்காரி. தினமும் ரயிலில் சென்ட்ரல் வந்து போவேன். திருவள்ளூர், பொன்னேரி, அதன் பக்கத்து ஆரணி, கும்மிடிப்பூண்டி என்று நான் கேட்டு வளர்ந்த பெயர்களெல்லாம் மெட்ராஸோடு ஒரே தாளில் வந்ததில் எனக்குப் பெருமை. அந்தப் பக்கம் தொழிற்சாலைகள் வந்தால் நம் ஜனங்கள் வேலை தேடி அலைய வேண்டாம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருப்பார். ஊதா நிறத்தை நான் சந்தோஷமாகத்தான் பூசினேன்.

1. கத்திரிப்பூ கலர்

வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்காக எங்கள் கூடத்துச் சுவரில் இருந்தது. வருகிறவர்கள் பெரும்பாலும் மனை வாங்கி விற்பவர்கள். கோதண்டம் அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்தார். என்னைக் கையோடு அழைத்துப் போய்ப் படத்தில் விரல் வைத்தார்.

“எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. ஆனா இது கல்கத்தா போற ஜி.என்.டி. ரோடு, இது ரயிலு போற வழி. நடுவுல இந்த வளைவுல எங்க அம்மன் கோயிலு. சரியா?”

“சரிதாங்க.”

“கோயிலுக்குப் பின்னால ஏரி. அது மேல இன்னாத்துக்குமா கத்திரிப்பூ கலரு அடிச்சிக்கிறீங்க?”

எங்கள் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் ரங்கநாதன் எழுந்து வந்து ஃபீல்டு ஷீட்டைப் பார்த்தார். “காலி நிலம்னு எழுதியிருக்குங்க. ரோடும் பக்கம், ரயிலும் பக்கம். அதனால தொழிற்சாலைக்கு விட்டிருக்காங்க. ஆட்சேபணை இருந்தா மனு எழுதிக் கொடுங்க.”

“காலி நெலமா? சித்திரை மாசத்துல வந்து பாத்தா எந்த ஏரி சார் ரொம்பிக் கெடக்கும்?”

அந்த இடம் எனக்கு ஞாபகம் வந்தது. ஏனென்றால் அந்தத் தாளை ட்ரேஸ் செய்தவள் நான். பழைய கிராம வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு வளைந்த கோடு இருந்தது. அதன் ஒரு பக்கம் சீப்புப் பல் மாதிரி சின்னச் சின்னக் கோடுகள். ஏரிக்கரைக்கு அதுதான் அடையாளம். உள்ளே பூசியிருந்த நீலம் வெளுத்துப் போயிருந்தது. ஃபீல்டு ஷீட் காலி நிலம் என்றது. இரண்டும் ஒத்துவரவில்லை என்பதை அன்றே கவனித்தேன். வீட்டுக்குக் கிளம்பும் நேரம், காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன். காலையில் வேறு தாள் வந்துவிட்டது. மறந்தே போனேன்.

2. சொல்வதா, வேண்டாமா

அந்த ஃபீல்டு ஷீட்டை எழுதியவர் மாற்றலாகி வேறு மாவட்டம் போய்விட்டார். நான் வாயைத் திறக்காவிட்டால் பழி முழுவதும் அவரோடு போய்விடும். ரங்கநாதனிடம் மட்டும் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “சரோஜா, உன் எக்ஸ்டென்ஷன் ஃபைல் இந்த வாரம்தான் மேல போகுது. நீ பேசாம உக்காரு. அவர் மனு கொடுக்கட்டும், நடக்கறது நடக்கட்டும்.”

என் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் மனுக்கள் கட்டுக் கட்டாகக் குவிந்து கிடப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோதண்டம் மர பெஞ்சில் உட்கார்ந்து, பியூன் எழுதிக் கொடுத்த மனுவில் பெருவிரலை வைத்துக்கொண்டிருந்தார். விரலில் ஒட்டிய மையை வேட்டியில் படாமல் சுவரில் துடைக்கலாமா என்று தயங்கித் தயங்கிப் பார்த்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. அதிகாரி தேவராஜ் சாரின் அறைக்குள் போய்விட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பாத்தும் கேக்கலையா?” என்றார்.

“கேக்கலை சார். என் தப்புதான்.”

பேனாவை மூடி வைத்தார். “நாளைக்குக் காலையில ஜீப்ல வாம்மா. பழைய மேப்பையும் எடுத்துக்க. அவரையும் ஊர்ல இருக்கச் சொல்லு.”

ட்ரேசர் பெண்களை ஃபீல்டுக்கு அழைத்துப் போகும் வழக்கமே அப்போது கிடையாது. தண்டனையா இல்லையா என்று தெரியாமலே மறுநாள் ஜீப்பில் ஏறினேன்.

3. ராணியம்மா காட்டிய பனைமரம்

போய் இறங்கினால், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாளம் பாளமாக வெடித்த தரை. ஆடுகள் மேய்ந்தன. குறுக்கே லாரி போன தடம்.

“இதுவா ஏரி? கிரவுண்டு மாதிரி இருக்கே” என்றார் தேவராஜ் சார்.

மேப்பை ஜீப்பின் பானட்டில் விரித்துக் கரைக்கோட்டைக் காட்டினேன். கோதண்டம் எங்களைக் கரைமேல் நடத்திக்கொண்டு போய் மதகைக் காட்டினார். சார் தலையை ஆட்டினாரே தவிர முகம் மாறவில்லை.

கோதண்டத்தின் மனைவி ராணியம்மா பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் முன்னால் வந்தார். “வயலுக்குத் தண்ணி வர்ற எடத்த காட்டிக்கினு கீறியே, ரொம்பி வழிஞ்சி போற எடத்த காட்டுய்யா!” என்று கணவரை அதட்டிவிட்டு, எங்களைக் கலங்கலுக்கு அழைத்துப் போனார். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம் அது. அங்கிருந்து ஓடை ஒன்று அடுத்த ஊர் ஏரிக்குப் போனது. அது நிரம்பினால் அதற்கடுத்த ஊர், கடைசியில் பழவேற்காடு.

ஏரிக்குள் நின்ற ஒரு பனைமரத்தை ராணியம்மா தொட்டுக் காட்டினார். அடிமரத்தில் ஒரு உயரம் வரைக்கும் சேற்றுக்கறை. “கார்த்திகையில இதுமட்டும் தண்ணி நிக்கும் சார்.”

தேவராஜ் சார் மரத்தை ஒட்டி நின்றார். கறை அவர் மார்புக்கு வந்தது. அப்படியே திரும்பி ஏரி முழுவதையும் பார்த்தார்.

“இங்க ஷெட் போட்டா மெஷினெல்லாம் தண்ணிக்குள்ள ஓடும்” என்று சொல்லிச் சிரித்தார். பிறகு கோதண்டத்தைக் கேட்டார்: “அப்போ உங்களுக்குப் பேக்டரியே வேணாமா?”

“ஆரு சார் சொன்னது? எம் புள்ள ஐ.டி.ஐ. படிச்சிக்கினு கீறான். பேக்டரி வரட்டும். மேற்கால மேட்டு நெலம் சும்மா கெடக்குது, கொள்ளு போட்டாக்கூட மொளைக்க மாட்டேங்குது. அங்க கட்டுங்க, வாணாங்கல. ஏரி மேல கட்டினா நாலு ஊரு பேஜாராயிடும்.”

மேட்டு நிலத்தையும் நடந்தே பார்த்தோம். சார் சொல்லச் சொல்ல நான் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

பிறகு

திரும்பி வந்து பிளேடால் மையைச் சுரண்டித் தாளைத் திருத்தி, புதுப் பிரிண்டில் ஏரிக்கு நீலமும் மேட்டு நிலத்துக்கு ஊதாவும் பூசினேன். கோடை மாதங்களில் எழுதிய ஃபீல்டு ஷீட்டுகள் எல்லாவற்றையும் பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. இன்னும் சில ஊர்களில் ஏரிகள் இதே மாதிரி காணாமல் போயிருந்தன. ஒவ்வொன்றாக மீட்டோம். எனக்கு ஒரு எச்சரிக்கை மெமோ வந்தது. அன்றே எக்ஸ்டென்ஷன் ஆர்டரும் வந்தது. இரண்டையும் கொண்டுவந்து கொடுத்த ரங்கநாதன், “எதை முதல்ல படிக்கப் போற?” என்று கேட்டார்.

அந்தக் கார்த்திகையில் மறுபடி சரிபார்க்கப் போனோம். கலங்கலில் தண்ணீர் இரைந்து விழுந்துகொண்டிருந்தது. பேசினால் கேட்கவில்லை. ராணியம்மா வலையில் பிடித்த கெண்டை மீன்களை என் பையில் போட்டுவிட்டார். சில வருஷம் கழித்து மேட்டு நிலத்தில் தொழிற்சாலைகள் வந்தன. கோதண்டத்தின் மகன் அதில் ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்தான் என்று அவரே அலுவலகத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். காலையில் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு ஷிப்டுக்குப் போகிறானாம்.

ஓய்வு பெறும்வரை வரைபடங்களோடுதான் இருந்தேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். இரண்டு தாள்கள் ஒத்துவரவில்லை என்றால் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். கேட்க விட்டுப்போனால், தெரிந்த நிமிடமே போய்ச் சொல்லுங்கள். மேலதிகாரி திட்டுவார், திட்டட்டும். நான் அன்று தேவராஜ் சாரின் அறைக் கதவைத் தள்ளியபோது என் எக்ஸ்டென்ஷன் ஃபைல் மேலே போகவிருந்தது. ஆனாலும் தள்ளினேன். இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் செய்த உருப்படியான காரியம் எது என்று யாராவது கேட்டால், அதைத்தான் சொல்வேன்.