காதுகுத்தில் நான் சிரித்தது

போன வருடம் தை மாதம், தேவாரம் ஊர்ப் பக்கம் உள்ள எங்கள் குலசாமி கோயிலில் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம்.

எனக்கு பைபோலார் என்ற மனநோய் இருக்கிறது. மகள் பிறந்த பிறகுதான் தெரிந்தது. சில வாரம் தூக்கமே வேண்டாத உற்சாகம். பிறகு எழுந்து பல் தேய்க்கக்கூட முடியாத சோர்வு. அப்படியொரு உற்சாகத்தில், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கம்பத்தில் ஜீப் ஏறிக் கேரளாப் பக்கம் போய்விட்டேன். சாயங்காலம் ஓர் ஏலத்தோட்டத்து வாசலில்தான் எங்களைக் கண்டுபிடித்தார்கள். பசியில் அழுது அழுது பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருந்தது. அதன்பின் மாத்திரையை நான் தவறவிட்டதில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மறக்கவும் இல்லை.

காதுகுத்தன்று பிள்ளை என் அண்ணன் மடியில் இருந்தாள். அவள் அழுவதற்கு முன்பே அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற சின்ன மாமியார், “ஏப்பா ஆசாரி, குத்துறது புள்ளைக்கா, மாமனுக்கா?” என்று கேட்கவும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் நிறுத்திய பிறகும் எனக்கு நிற்கவில்லை. காது குத்தி முடிந்ததும், அழுத பிள்ளையை வாங்கி, மேளத்துக்கு ஏற்ப இரண்டு சுற்று ஆடினேன். அவளும் அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

நிமிர்ந்தால், எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் வந்து, “புள்ளையக் குடுங்க மதினி, எல்லாரும் பாக்குறாக” என்று வாங்கிக்கொண்டாள். என் கணவர் காதருகே குனிந்து கேட்டார்.

“மாத்திரை போட்டியா?”

“போட்டேங்க. சந்தோசமாத்தான் இருக்கேன்.”

“அதான் கேக்குறேன்.”

கோபம் வந்தது. கோபப்பட்டால் அதையும் நோய் என்பார்களே என்று விழுங்கிக்கொண்டேன். விசேஷ வேலையில் முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை என்பது நினைவுக்கு வந்ததும் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மகள் என்னை நோக்கிக் கை நீட்டி அழுதுகொண்டிருந்தாள். நான் ஓரமாகப் போய்த் தலை குனிந்து உட்கார்ந்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். பந்தி முடிந்த பிறகு நாத்தனார் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் விட்டு, “இப்பத்தான் மதினி பழையபடி இருக்கீக” என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

அவர்கள் பயந்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்று எனக்கு வந்தது நோயா, பெற்றவளுக்கு வரும் சாதாரண சந்தோஷமா என்று டாக்டரிடம்கூட இன்னும் கேட்கவில்லை, பதிலுக்குப் பயம். இப்போதெல்லாம் சிரிப்பு வந்தால் முதலில் சுற்றிலும் பார்த்துக்கொள்கிறேன். கொஞ்ச நாளாக என் மகளும், சிரிப்பதற்கு முன் என் முகத்தைப் பார்க்கிறாள்.