நூல் பிடித்து நட்ட லில்லி

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், தேயிலையைக் கழிப்பதுபோலப் பூச்செடிக்கும் கவ்வாத்து வெட்டியவள் என் அம்மா ஒருத்திதான். தேயிலையோடு மாரடித்தது போதாதா என்று அப்பா கேலி செய்வார். வாசலில் நின்றது சிவப்பு லில்லி. பதுளைக் கடைகளில் அமரில்லிஸ் என்று விற்பார்களே, அதுதான். ஆடிக் காற்று கிளம்பியதும் அம்மா தண்ணீரை நிறுத்திவிடுவாள். இலை மஞ்சளித்ததும் கிழங்கின் கழுத்தோடு வெட்டிவிடுவாள். பிறகு மொட்டைக் கிழங்குகள் மண்ணுக்கு மேல் பாதித் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் இலையே இல்லாமல் வெறும் தண்டு எழும்பும். அந்தத் தண்டுகளைக் கண்டால் எனக்கு எப்போதும் பயம்.

அவற்றை அப்பா நூல் பிடித்து நட்டிருந்தார். நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவிலிருந்து பக்கத்துக் காம்பரா வரை சரிவுக்குக் குறுக்கே ஒரே நேர்கோடு. பக்கத்துக் காம்பராவில் அப்பாவின் அக்கா, என் அத்தை இருந்தாள். கோட்டுக்குக் கீழே, காய்கறிக்கு அவள் போட்ட போஞ்சிப் பாத்தி.

எனக்கு எட்டு வயதான அந்த ஐப்பசியில் கோடு வளைந்து எழும்பியது. நடுவில் நின்ற தண்டுகள் போஞ்சிப் பாத்திக்குள் இறங்கி நின்றன.

"கொஞ்சம் கொஞ்சமா எடம் புடிக்கிறீங்களா?" என்றாள் அத்தை.

"நான் ஏன் அண்ணி அங்க நடுறேன்? நீங்கதான் புடுங்கி மாத்தி வச்சிருக்கீங்க" என்றாள் அம்மா.

பூக்கும் நேரத்தில் கிழங்கைக் கிளறக் கூடாது என்று ஊருக்கே சொல்பவள் அம்மா. ரோஷம் யாரை விட்டது? மறுபடி நூல் கட்டி எல்லாவற்றையும் தோண்டி நேராக நட்டாள். மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரத்தில் கோடு மறுபடி வளைந்திருந்தது. இரு வீட்டுக்கும் இடையே பேச்சு நின்றது. அந்த நாட்களில்தான் எங்கள் கதவும் நிலையில் சிக்கிக்கொண்டது. மழையில் பலகை ஊதிவிட்டது என்று அப்பா அதைச் சீவினார்.

மாலையில் மூடுபனிக்குள் நின்று நான் தண்டுகளை வேவு பார்த்தேன். பார்க்கும்போது ஒன்றும் அசையாது. ஆனாலும் அவை என்னைக் கண்டுதான் நின்றுகொண்டன என்று தோன்றும். பொறுக்க முடியாமல் அத்தையிடம் போய்ச் சொன்னேன்.

"பூ நடக்குது அத்தை."

"ஒங்கம்மா கை படாம அது நடக்காதுடி" என்று சிரித்தாள். பேச்சு நின்ற வீட்டுப் பிள்ளையென்று பாராமல் முறுக்கும் கொடுத்தாள்.

அந்தத் தீபாவளிக்கு அம்மா கோபத்தோடு அப்பாவையும் என்னையும் பெரகலையிலுள்ள மாமா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அத்தை வாசலில்தான் நின்றாள். அம்மா போய்ட்டு வாறோம் என்றுகூடச் சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். பூக்கள் மலர்ந்திருந்தன. எல்லா முகங்களும் பள்ளத்தைப் பார்த்திருந்தன.

தீபாவளிக்கு மறுநாள் காலை மாமாவின் போன் அடித்தது. இரவில் மலை சரிந்துவிட்டதாம். லயம் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. அத்தையைப் பிணமாகத்தான் எடுத்தார்கள். மலை சில வாரங்களாகவே மெல்ல நகர்ந்திருக்கும், உங்களில் யாருக்கும் எதுவும் தெரியவில்லையா என்று வந்த அதிகாரிகள் கேட்டார்கள். அம்மா குனிந்து மண்ணில் விரலால் ஒரு வளைந்த கோடு இழுத்தாள். எனக்கோ அதெல்லாம் காதில் ஏறவில்லை. பூக்கள்தான் அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டன என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

மண்ணில் கிடந்த சில கிழங்குகளை அப்பா பொறுக்கி வந்து புது வீட்டு வாசலில் நட்டார். இங்கே தரை சமதளம். அடுத்த ஐப்பசியில் தண்டு எழும்பிய அன்று அம்மா நூலைக் கட்டினாள். மழையில் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடி, கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோடு நேராகத்தான் இருந்தது.

"நீங்களும் மாத்தி நடல அண்ணி, நானும் மாத்தி நடல" என்றாள் பூவிடம்.

செத்துப்போனவளோடும் இன்னும் சண்டையா என்று எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.