ஏழுமலையின் லாரி நின்றுபோன காரணம்

சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒற்றையாகக் கேட்டால் செல்ஃப் மோட்டார். 'டகடகடக' என்று கேட்டால் பேட்டரி. கல்லூரியில் யாப்பு படித்துவிட்டு, கல்யாணமாகி இந்த லாரி ஒயரிங் கடைக்குள் வந்த முதல் காலையில் நான் கேட்ட சத்தங்கள் இவைதான். பிரித்துக் கேட்கச் சொல்லிக்கொடுத்த கணவர் இப்போது இல்லை. பழைய லாரியின் கரண்ட் வேலையில் பாதி, டிரைவர் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிப்பது. பழைய வண்டி வைத்துக்கொண்டு அவதிப்படும் உங்களுக்கு இது புதிதல்ல.

இறக்கம்

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏற்றும் லாரி அது. டிரைவர் ஏழுமலைக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சாவி போட்டால் கிளம்பாது என்பதால் இறக்கத்தில் மட்டுமே நிறுத்துவார். உருளவிட்டுக் கியரைப் போடுவார். புதுச்சேரியோ தோசைக்கல் மாதிரித் தட்டை. இருக்கிற நாலைந்து இறக்கங்களும் அவருக்கு மனப்பாடம். டீக்கடையைக்கூட ருசி பார்த்து அல்ல, சாலையின் சாய்வு பார்த்துத்தான் பிடித்து வைத்திருந்தார். என் கடை வாசலில் எஞ்சினை அணைக்காமலே நின்றார். அணைத்தால்தானே பார்க்க முடியும் என்றேன்.

"அணைச்சிடுறேம்மா. அப்புறம் யாரு தள்றது, நீங்களா?"

உப்பு

மீன் லாரியில் ஐஸ் கரைந்து உப்புத் தண்ணீராக ஒழுகிக்கொண்டே இருக்கும். சேசிஸில் எர்த் ஒயர் முறுக்கியிருந்த இடம் பச்சையாகப் பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. சுரண்டி, புது ஒயர் போட்டு, கிரீஸ் தடவினேன். கிளம்பியது. கோளாறு இதுதான் என்று கையைக் கழுவிவிட்டேன், நீங்களும் கழுவியிருப்பீர்கள்.

பத்தே நாளில், இறக்கமே இல்லாத துறைமுகத்தில், ஏலம் முடிந்து லோடு ஏற்றிய பிறகு, 'டகடகடக'. அத்தனை மீனும் வெயிலில் கெட்டது. பிரெஞ்சுப் பென்ஷன் குடும்பத்துப் பெரியவர், எல்லோரும் 'முசே' என்றே கூப்பிடும் லாரி முதலாளி, நேரிலேயே என் கடைக்கு வந்துவிட்டார். இன்னொரு தடவை நின்றால் லாரி காயலாங்கடைக்கு, ஏழுமலை வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மதாம், வண்டிக்கு வைத்தியம் பாக்குறீங்களா, கருமாதிக்கு நாள் பாக்குறீங்களா?"

ஃபேன்

மீட்டரை எடுத்தேன். லாரிக்கு இரண்டு பேட்டரி. ஒரே நாளில் வாங்கியவை, சேர்ந்தே வேலை செய்பவை. ஒன்று நிறைந்திருந்தது, மற்றது காலி. யாரோ ஒன்றிலிருந்து மட்டும் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். காலியானதிலிருந்து ஒரு மெல்லிய சிவப்பு ஒயர் கால்மிதிக்கு அடியில் ஓடி, கிளீனர் சீட்டுக்கு எதிரே, ஒரு பேட்டரியின் கரண்டே போதுமான சின்ன ஃபேனில் முடிந்தது. அந்த லாரிக்குக் கிளீனரே கிடையாது.

யாருக்கு இது என்றேன். ஏழுமலை டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மனைவி செல்விக்கு இரண்டு வருடமாக ஞாபகம் தவறிப்போகிறது. வீட்டில் தனியே விட முடியாமல் லோடுக்கெல்லாம் கூட்டிப்போகிறார். வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. என் கடைக்கு வரும் நாளில் மட்டும் அக்கா வீட்டில் விட்டு வருவாராம்.

"காத்து வரலைன்னா கதவைத் தொறந்து எறங்கிடுறாம்மா. எங்க போறான்னு அவளுக்கே தெரியாது."

முதலாளி

இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக எடுத்து, வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதைப் பொருத்தி, ஃபேனை அதில் மாட்டினேன். நிமிர்ந்தால் முதலாளி. கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஃபேனைப் போட்டுப் பார்த்து, ஆளில்லாத சீட்டுக்கு இது எதற்கு என்று கேட்டார். ஏழுமலை குனிந்து ஒயர் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். நாற்பது வருடத்தில் தொழிலில் நான் பொய் சொன்னதில்லை.

"அந்தப் பக்கம் ஒயரிங் சூடாகுது, முசே" என்றேன்.

அவர் சீட்டு இடுக்கிலிருந்து ஒரு கொண்டை ஊசியை எடுத்தார். விரலில் புரட்டிப் பார்த்தார். டேஷ்போர்டின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு இறங்கினார்.

"சூடாவ விடாத, ஏழுமலை. எந்நேரமும் ஓடட்டும்."

செல்வி போன ஐப்பசியில் இறந்துபோனார். லாரி இன்றும் முதல் சாவியிலேயே கிளம்புகிறது.